எக்ஸ்பிரஸ் அக்காவின் இடது கால்

நூல் ஆலையில் அவருக்கு நடைதான் வேலை. இரண்டு பக்கமும் நூல் சுற்றும் கதிர்கள் சுழலும். நடுவில் உள்ள சந்தில் போக வேண்டும், வர வேண்டும். இழை அறுந்த இடத்தில் விரலால் சேர்த்துவிட்டு மறுபடி நடக்க வேண்டும். உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. அதற்காகச் சங்கத்திலிருந்து நாங்கள் ஆலை வாசலில் கூட்டம் போட்டோம், துண்டறிக்கை அடித்தோம், முக்காலி வரவில்லை. அந்தச் சந்தில் எல்லாரையும் முந்தி நடந்ததால் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் வந்து பெண்களை வரிசையில் நிறுத்துவார். வலி என்று வாய் திறந்தவளைக் கழிவுப் பஞ்சு பொறுக்க அனுப்புவார்கள். அடுத்த நிறுத்தம் வீடு. ஆகவே அந்த வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. அது சங்கம் போட்ட சட்டமல்ல, சங்கத்தைவிடப் பழையது. புதிதாகச் சேர்ந்தவளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது எக்ஸ்பிரஸ் அக்கா.

"எங்க வலிக்குதுன்னு கேப்பான். சிரிச்சு வெச்சிடு. பல்லைக் காட்டறதுக்கு என்ன காசா பணமா?"

வலியைச் சொல்லுங்கள், வேலையைப் பறித்தால் நாம் போராடுவோம் என்று நான் போய் நின்றேன்.

"நீங்க போராடி ஜெயிக்கிறதுக்குள்ள என் அடுப்புல பூனை படுத்துக்கும்ணே" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை வந்தது. அதன்பின் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. முக்குக் கடைக்குப் போவதற்குள் நாய் கவ்வியது போல் இறுக்கும். நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி கவ்வும். தெருவில் சும்மா நிற்பதற்கு வெட்கப்பட்டு, கடை கடையாக வேடிக்கை பார்ப்பது போல் நிற்பார். சைக்கிள் கடையில் அவருக்கு என்ன வேலை என்று மகளுக்குச் சந்தேகம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் நடைப்பயிற்சி, பலிக்காவிட்டால் அப்புறம் மற்றது என்றார் டாக்டர்.

பயிற்சி அறை மாடியில். ஜன்னலோரமாக, நின்ற இடத்திலேயே நடக்கிற ஓடுபட்டை மெஷின், அதன் முன்னால் தொடுதிரை. திரையில் வரிசையாக முகங்கள்: ஒரு கோடியில் சிரிக்கும் முகம், மறு கோடியில் அழும் முகம். எவ்வளவு வலிக்கிறதோ அந்த முகத்தைத் தொட வேண்டும். அதைப் பார்த்து மெஷின் தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு மகளைவிட வயது குறைவு. அக்கா அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

"வலி வர்ற வரைக்கும் நடக்கணும்மா. நல்லா வந்ததும் நின்னுடணும். போனதும் மறுபடி நடக்கணும். அப்பதான் பக்கத்துல இருக்கிற சின்னக் குழாய் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வேலைக்கு வரும். வலியை மறைக்கக் கூடாது, சரியா?"

"எனக்கெல்லாம் வலிக்காது வாத்தியாரம்மா."

சிரிக்கும் முகத்தைத் தொட்டார். மெஷின் வேகத்தைக் கூட்டியது. மறுபடி சிரிக்கும் முகம், மறுபடி வேகம். வியர்த்துக் கொட்டியது.

"இதுக்கு எங்க மேஸ்திரியே தேவலை. அவனாவது டீ குடிக்கப் போவான்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மெஷினை நிறுத்தி அவரை உட்கார வைத்தாள். திரையை நம்பாமல் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவள். அவள் பக்கத்தில் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. எக்ஸ்பிரஸ் அக்கா எங்கும் நிற்காமல் முக்குக் கடைக்குப் போய் வந்தார். "சைக்கிள் கடைக்காரன் என்னைக் காணோம்னு ஏங்கிப் போயிருப்பான்" என்று என்னிடம் சொன்னார்.

தேறியவர்களை வீட்டுக்கு அனுப்பி, உட்கார்ந்து மிதிக்கும் சிறு மெஷினையும் கணுக்காலில் கட்டும் பட்டையையும் ஒரு கைத்திரையையும் கொடுத்துவிடுவார்கள். வாத்தியாரம்மா தன் மேஜையிலிருந்தே எல்லாவற்றையும் பார்ப்பாள். மிதிக்கும் முன் திரை தினமும் காலையில் கேட்கும்: காலில் புண் இருக்கிறதா? படுத்திருக்கும்போது வலிக்கிறதா?

புதுச் செருப்பு சுண்டுவிரலில் கடித்தது. சிறு கொப்புளம்தான், உடைந்தது, ஆறவில்லை. கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்தினார். படுத்தால் பாதம் எரிந்தது, தொங்கப்போட்டால் அடங்கியது. அதற்கும் 'இல்லை' என்றே அழுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார்.

"ஏம்மா கட்டில்ல படுக்கலை?" என்று மகள் கேட்டாள்.

"மெத்தை சுடுதுடி."

"காலைக் காட்டு."

"பொண்ணு பார்க்க வந்திருக்கியா? போடி, வேலைக்கு நேரமாச்சு."

காலுறை போட்டுக்கொண்டு மிதித்தார். திரையில் அவர் கணக்கு அழகாக ஏறியது. வாத்தியாரம்மா அதில் பாராட்டு அனுப்பினாள், அக்கா அதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டினார்.

கடைசியில் நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. மகள் காலுறையை இழுத்துக் கழற்றியபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலும்.

காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டுக்கு ஓடி வந்த வாத்தியாரம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா மெஷினை எடுத்துட்டுப் போயிடுவீங்க."

"எடுத்துட்டுத்தான் போயிருப்போம். அன்னிக்கே படுக்க வெச்சு, குழாயைத் திறந்திருப்போம். கால் இருந்திருக்கும்மா."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வலியைச் சொன்னால் வைத்தியம் செய்வார்கள் என்பது அவருக்கு அன்றுதான் காதில் விழுந்தது போல இருந்தது. அப்புறம் சிரித்தார், அதே வரிசைச் சிரிப்பு. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

யாரைத் திட்டி எழுதுவது? மெஷின் கேட்டதற்குப் பதில் வந்தது, அது நம்பியது. அந்தப் பெண் பார்க்க வேண்டிய கால்கள் எத்தனையோ. மகளால் வேலையை விட முடியாது. ஆலை இடிபட்டு இப்போது வண்டிகள் நிற்கும் மைதானம். கம்பெனி டாக்டர் செத்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் எக்ஸ்பிரஸ் அக்காவைப் பொறுத்தவரை அந்த டாக்டர் இன்னும் வரிசையின் முன்னால் உட்கார்ந்துதான் இருந்தார்.

நான் பார்க்கப் போன பகலில் வாத்தியாரம்மா கைத்திரையோடு வந்திருந்தாள். செயற்கைக் கால் பொருத்தும் முன் செய்ய வேண்டிய பயிற்சி. மகள் தலையணையைச் சரிசெய்தாள். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகப் படுத்துவிட்டது.

"வலிக்குதாம்மா?"

அக்காவின் விரல் தானாகவே சிரிக்கும் முகத்துக்குப் போனது. தொடவில்லை, அங்கேயே நின்றது.

"இல்லாத இடத்துல வலிச்சா அதுவும் கணக்கா?"

"கணக்குதாம்மா. எங்க வலிக்குது?"

"சுண்டுவிரல்ல. செருப்பு கடிச்ச இடத்துல." பார்வை தட்டையான போர்வையில் இருந்தது. "ராத்திரி பகல்னு இல்லை. உசிர் போவுது."

மகள் தலையணையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அக்காவின் விரல் முகங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி மறுகோடிக்குப் போய், அழும் முகத்தை அழுத்தியது. இன்னொரு கை திரையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது, யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல.