என் கையில் புளித்த அத்தர்

அத்தர் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, பஞ்சில் தோய்த்த அத்தரோடு ஒரு பெண் வந்து நின்றால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டுவிடுவேன். "மாமிக்கு ஒத்துக்காது போலிருக்கு" என்று அவர்களாகவே சொல்லிக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாமல் என்ன? பேஷாக ஒத்துக்கொள்ளும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எனக்கு அப்போது பதினாறு வயது. திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் குடியிருந்தோம். அப்பா தாலூகா கச்சேரியில் குமஸ்தாவாக இருந்து பென்ஷனாகி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அதுவரை பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்தவளை ஆவணியோடு நிறுத்தியாயிற்று. நிறுத்தியது தெருவில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அடுத்தாத்து மாமி கேட்டால், "அவள் ஊருக்குப் போயிருக்கா, நாளைக்கு வந்துடுவா" என்பாள். மார்கழி முடிந்தும் அந்த நாளை வந்தபாடில்லை. தேய்த்தது நான்தான். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்க்க வேண்டும். தங்கை பதினாலு வயசுக்காரி; புளி பட்டால் அவளுக்குக் கை சிவந்து போய்விடுமாம். என் கை என்ன, இரும்பிலா அடித்திருந்தது?

அந்தத் தை மாதம் லட்சதீபம் வந்தது. ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை தைப் பிறப்பன்று பத்மநாபசுவாமி கோவிலில் விளக்கேற்றுவார்கள். ஊர் கொள்ளாத கூட்டம் வரும்; ஒவ்வொரு வீட்டிலும் வெளியூர் உறவு வந்து இறங்கும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தவர்கள்தான் எனக்குப் பார்த்திருந்த பிள்ளை வீட்டார். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. பிள்ளைக்கு ஹைஸ்கூலில் வாத்தியார் வேலை. "பெண்ணுக்குப் படிக்க ஆசை இருந்தா படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று தன் மாமா மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தான். என்னை ஆறாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார்த்தியிருந்தார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவன் முகம் சதுரமா வட்டமா என்றுகூடத் தெரியாது. அதற்குள் மனசால் கும்பகோணத்துக்குப் போய்ப் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டேன். பைத்தியக்காரி.

பொங்கல் அன்று சாயங்காலம் கோவிலுக்குப் போகும் வழியில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பரணில் கிடந்த குத்துவிளக்கு, அண்டா, தாம்பாளம், பன்னீர்ச் செம்பு எல்லாம் இறங்கிற்று. விடியற்காலையில் ஆரம்பித்துப் புளியும் சாம்பலுமாகத் தேய்த்தேன். புளி, விரல் இடுக்கில் இருந்த வெடிப்புக்குள் எல்லாம் போய் எரிந்தது. பித்தளைக் களிம்பு முழங்கை வரைக்கும் ஏறிக் கிடந்தது. பொங்கல் வைத்துச் சாப்பாடானபிறகு மறுபடியும் ஒரு அண்டா. அவர்கள் தெருமுனையில் வருகிறார்கள் என்றதும் அம்மா வந்து, "போறும் போறும், கையை அலம்பிண்டு புடவையை மாத்திக்கோ" என்று விரட்டினாள். அவசரத்தில் ஒரு செம்பு வெள்ளத்தை விட்டு அலம்பினேன். அம்மாவின் பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

பிள்ளை, அவன் மாமா, அவன் பெரியம்மா என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். பெரியம்மாவின் ராஜ்யம்தான் அங்கே. அவள் புருஷனுக்கு வடக்கே ரயில்வேயில் உத்தியோகம். பாதி ஆயுசை லக்னோவில் கழித்தவள். உட்கார்ந்ததும் அம்மாவை விசாரித்தாள்.

"ஆத்துல வேலைக்கு ஆள் உண்டோ?"

"அதென்ன மாமி அப்படிக் கேட்டுட்டேள்! தேய்க்க ஒருத்தி, கிணத்துல வெள்ளம் கோர ஒருத்தி, ரெண்டு பேர் உண்டாக்கும்" என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல்.

பெரியம்மாவுக்குத் திருப்தி. மடியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் விரல் நீளத்துக் குப்பிகள் படுத்திருந்தன. கண்ணாடி மூடியைத் திருகி எடுத்ததுமே கூடத்தில் எல்லோருக்கும் மூக்கு நிமிர்ந்துவிட்டது.

"இது ஹீனா அத்தர். மருதாணிப் பூவிலேருந்து இறக்கறது. குங்குமப்பூ, அகில், கஸ்தூரி எல்லாம் உள்ளே சேரும். வெயில் காலத்துல தொடப்படாது, உடம்பு கொதிச்சுடும். பண்டிகையும் குளிருமா இருக்கற இந்தத் தை மாசத்துக்குத்தான் இது."

"லக்னோ குளிர் எங்கே, எங்க திருவனந்தபுரத்துக் குளிர் எங்கே! விசிறியைக் கீழே வெச்சா அதுதான் எங்களுக்குக் குளிர்காலம்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் குனிந்தபடியே சிரித்தேன்.

பஞ்சைத் தோய்த்து அம்மாவுக்கு, தங்கைக்கு, எனக்கு என்று மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தாள். "தேய்க்காதேங்கோ. செத்த நேரம் போகட்டும். ஒவ்வொருத்தர் உடம்புல ஒவ்வொரு மாதிரி வரும்" என்றாள்.

அந்த வாசனையைச் சொல்கிறேன். அத்தரைத் திட்டினாலும் அதன் வாசனையைத் திட்ட எனக்கு மனசு வராது. பட்டவுடனே மருந்துக் கடை நெடிதான். கஷாயம் கொதிக்கிற கசப்பு, மூக்கைக் கொஞ்சம் சுளிக்க வைக்கும். தோலின் சூட்டில் அந்தக் கசப்பு மெல்ல அடங்கும். அப்புறம் மருதாணிப் பூ வரும். அதுவும் மரத்தில் இருக்கும் பூ இல்லை, தலையில் வைத்துப் பாதி வாடின பூ. அதற்குப் பின்னால் குங்குமப்பூவின் இனிப்பு, இன்னும் பின்னால் அகில் புகை. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தங்கையின் கையிலிருந்து பூ வந்ததும், அம்மாவின் கையிலிருந்து புகை வந்ததும் மட்டும் தெரிந்தது. என்னைப் பாடச் சொன்னார்கள். பாடிக்கொண்டே இருக்கும்போது என் கையிலிருந்தும் ஒன்று கிளம்பிற்று. பூ வரும் வரும் என்று நினைத்தேன். வந்தது பழைய செப்புக்காசை வாயில் போட்டுக்கொண்டது போன்ற ஒரு வீச்சம். மோர் புளித்த நாற்றமும் கூடவே. எனக்குச் சுருதி விலகிற்று. எப்படியோ பாட்டை முடித்தேன்.

"இங்கே வாங்கோடியம்மா, கையைக் காட்டுங்கோ" என்றாள் பெரியம்மா.

தங்கையின் கையை முகர்ந்தாள். "ஆஹா! ராஜகுமாரி கை" என்றாள். என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி ஒரு தடவை முகர்ந்துவிட்டு, என் கையை மெதுவாக என் மடியில் வைத்தாள். அந்த மெதுவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பெண்ணுக்கு உடம்பு ஏதாவது..." என்று இழுத்தாள் அம்மாவைப் பார்த்து. "தப்பா நினைச்சுக்காதேங்கோ. இவ்வளவு உசந்த அத்தர் இப்படிப் புளிச்சுப் போய் நான் பாத்ததில்லை. ரத்தத்துல தோஷம் இருந்தாத்தான் இப்படி வரும்னு எங்க லக்னோவுல சொல்லுவா."

என் தங்கைக்கு வாய் கொஞ்சம் துடுக்கு. "அக்காவுக்கு ஒண்ணும் இல்லை மாமி! கார்த்தாலேருந்து புளி போட்டு விளக்குத் தேய்ச்சிண்டிருந்தா. அந்தக் களிம்பாக்கும் அது!" என்றாள் பளிச்சென்று.

நான் அம்மாவைப் பார்த்தேன். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அம்மா சிரித்தாள். "இதுக்கு எப்பவும் விளையாட்டுதான். ரெண்டு ஆள் இருக்கச்சே இவள் எதுக்குத் தேய்க்கறா? நன்னாருக்கே!" என்றாள். பாயில் உட்கார்ந்திருந்த தங்கையின் தொடையைப் பின்பக்கமாகக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பிள்ளை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். படிக்கட்டும் என்று சொல்லி அனுப்பின மகானுபாவனுக்கு அங்கே என்னதான் எழுதியிருந்ததோ!

பெரியவர்கள் என்னையும் தங்கையையும் உள்ளே போகச் சொன்னார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றால் கூடத்துப் பேச்சு ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். பெரியம்மா சுற்றி வளைக்கவில்லை. சின்னவளைக் கொடுங்கள், சந்தோஷமாகப் பண்ணிக்கொள்கிறோம் என்றாள்.

"மூத்தவள் நிக்கறச்சே எப்படி?" என்றார் அப்பா.

"மூத்தவளுக்கும் ஒரு இடம் பாத்து முடிச்சுட்டாப் போச்சு" என்றார் பிள்ளையின் மாமா.

 பிறகு அப்பாவின் குரல் கேட்டது. கொல்லத்தில் ஒரு வக்கீல் குமஸ்தா. பெண்டாட்டி போய் ஒரு வருஷம், மூன்று குழந்தைகள். ஆவணியிலேயே ஆள் விட்டுக் கேட்டாராம். நம் பெண்ணையாவது இரண்டாந்தாரமாகக் கொடுப்பதாவது என்று அப்போது எகிறிக் குதித்தவர் இதே அப்பாதான். அன்றைக்கு அதே மனுஷன், "நல்ல மாதிரிதான், வயசு கொஞ்சம் கூட, அது ஒண்ணும் சாரமில்லை" என்றார். மாசியில் ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அப்படியே நடக்கவும் நடந்தது. மூத்தவள் முறை கெடக்கூடாது என்று எனக்கு ஒரு முகூர்த்தம் முன்னால் வைத்தார்கள். முறை மட்டும் கெடவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் எல்லோரும் விளக்குப் பார்க்கக் கிளம்பினார்கள். தலைவலி என்று நான் போகவில்லை. யாரும் வற்புறுத்தி அழைக்கவும் இல்லை. தெருவே காலியாகிவிட்டது. கொல்லைக் கதவை விரியத் திறந்து போட்டுக்கொண்டு, பயத்தமாவைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். அந்த நாற்றம் என்னுடையதுதானோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. முழங்கை, விரல் இடுக்கு, நகக்கண் ஒன்று விடாமல் தேய்த்தேன். அழுதுகொண்டேதான் தேய்த்தேன், எனக்கென்ன வெட்கம்? அவர்கள் திரும்பி வரும் முன்பே தூங்கிப்போனேன்.

காலையில் விழித்தபோது கை முகத்தடியில் இருந்தது. என்னவோ வாசனையாக இருக்கிறதே, யாராவது ஊதுவத்தி ஏற்றிவிட்டார்களா என்று எழுந்து உட்கார்ந்தேன். என் கைதான். பூவெல்லாம் போய், சந்தனமும் அகிலும் கலந்து, அடியில் ஏதோ ஒரு பிராணியின் கதகதப்பு மாதிரி கஸ்தூரி. களிம்பு இல்லை, புளிப்பு இல்லை. பக்கத்தில் படுத்திருந்த தங்கையின் கையை எடுத்து முகர்ந்தேன். அவள் கையில் இருந்ததைவிட என் கையில் ஒரு பிடி அதிகமாகவே இருந்தது.

சமையலறைக்கு ஓடினேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "மோந்து பாரு" என்று கையை மூக்கடியில் நீட்டினேன். என்னடி இது என்றவள் முகர்ந்தாள். முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அப்படியே இருந்தாள். புகையாலோ என்னவோ கண்ணிலிருந்து கொட்டிற்று.

"அவாளுக்கு மத்தியானம்தான் தம்பானூர் ஸ்டேஷன்ல வண்டி. இன்னும் கிளம்பியிருக்கமாட்டா. வாம்மா, போய்க் காட்டலாம்" என்றேன்.

"என்னன்னுடி சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு. ஆள் இல்லை, இவள்தான் தேய்ச்சாள்னு சொல்லு."

"நேத்து ரெண்டு ஆள் உண்டுன்ன வாயாலயா? பொய்க்காரா, தரித்திரம்னுட்டுச் சின்னவளையும் வேண்டாம்னுட்டா என்ன பண்றது?"

"அப்போ நான்?"

 என் கையை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெந்நீர் அண்டாவுல இருக்கு. சீயக்காய் போட்டு நன்னா தேய்ச்சு அலம்பிண்டு வா. அப்பா எழுந்துக்கறதுக்குள்ளே அலம்பிடு" என்றாள்.

அலம்பினேன். அந்த அத்தருக்கு வெந்நீர் பட்டால் இன்னும் கிளம்பும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சமையலறை, கூடம், பூஜை அறை என்று நான் போன இடமெல்லாம் மணத்தது. தங்கை என் முகத்தைப் பார்ப்பாள், அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள், வாயை மூடிக்கொள்வாள். மத்தியானம் அப்பாவுக்கு நான்தான் பரிமாறினேன். இலைக்கு மேலே என் கை போனபோது அவர் தலையை நிமிர்த்தி, மூச்சை ஒரு தரம் நன்றாக இழுத்தார். என் கையைப் பார்த்தார்.  பிறகு குனிந்து, "மோர் விடு" என்றார்.