சின்னம்மா கூட்டிய முற்றம்

சின்னம்மா கூட்டி முடித்த முற்றத்தில் விளக்குமாற்றின் கீறல்கள் அரைவட்டம் அரைவட்டமாகக் கிடக்கும். அதை மிதித்து நடந்தால் முறைப்பார். ஊரைவிட்டு நாங்கள் வந்து சேர்ந்த ஸ்கார்பரோவின் கிழக்கு ஓரத்தில், மோர்னிங்சைட் தெருவையும் தாண்டி, ட்ரெய்லர் வீடுகள் வரிசையாக நின்ற ஒரு பார்க்கில் அந்த முற்றம் இருந்தது. சித்தப்பா இறந்த பிறகு, வண்டிபோலச் சில்லுகள்மேல் நின்ற ஒரு பழைய நீள்பெட்டி வீட்டைச் சின்னம்மா அங்கே வாங்கினார். வீடு அவருடையது, அது நின்ற நிலம் மட்டும் வாடகை. அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை அன்று எவ்வளவு இலேசாகச் சொன்னோம்! பால் காய்ச்சிய அன்று ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “இனி என்னை ஒருத்தரும் எழுப்பேலாது” என்றார். சண்டைக்காலத்தில் அவர் எத்தனை தரம் மூட்டை கட்டியவர் என்று எங்களுக்குத் தெரியும்.

குடிபோன முதல் கோடையிலேயே வாசலில் நின்ற புல்லை வேரோடு கிளப்பிவிட்டார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு முற்றம் என்றால் வெறும் மண்தான். விடிந்ததும் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்த நாட்டில் புல்லுக்கு உரம் போட்டு, தண்ணீர் விட்டு, பிள்ளைபோல வளர்க்கிறார்களே என்று கிண்டல் செய்வேன். “அவையளுக்கு விசர். முத்தத்தில புல்லு நிண்டால் அது ஆளில்லாத வீடு, பிள்ளை. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பிப் போகேக்க எங்கட வீட்டில இடுப்பளவு புல்லு நிண்டது” என்பார். வருடக்கணக்காக அந்த மண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நிலம் கைமாறியதும் வாய் திறந்தார்கள். புதிய முதலாளிக்கு அங்கே மாடிக் கட்டடங்கள் எழும்ப வேண்டும். பார்க்கை மூடுவதென்றால் குடியிருப்பவர்களுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும். விதியை மீறினார் என்று ஒருவரை வெளியேற்றினால் சல்லிக்காசும் கொடுக்கத் தேவையில்லை. புல்தரையைப் பாழாக்கினார் என்று சின்னம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது. உடுப்புக் காயக் கொடி கட்டிய சோமாலியத் தாய்க்கும், வாசலில் கீரை போட்ட ஜமேக்காத் தம்பதிக்கும் வந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரின் புல்லின்மேல் ஓட்டைப் படகு ஒன்றும் ஓடாத கார் ஒன்றும் கிடந்து உக்கிக்கொண்டிருந்தன. அவருக்கு ஒன்றும் வரவில்லை. அவரே வெட்கப்பட்டு வந்து, எனக்கு ஏன் அனுப்பவில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும் என்றார். நல்ல மனிதர். அதனால் என்ன ஆகப்போகிறது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விசாரணை சட்ட உதவி நிலையத்துக் கணினித் திரையில் நடந்தது. எங்களுக்காக வாதாட வந்த அந்த நிலையத்து இளம்பெண், கேட்டதற்கு ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சின்னம்மாவும் தலையை ஆட்டினார். விசாரித்த அதிகாரி, புல்லை அகற்றியது நீங்களா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னதும் சின்னம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நாட்டில் ஒரு பெரிய மனிதர் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஓம் ஐயா, நான்தான். ஒரு புல்லு விடேல்லை. இண்டைக்கும் கூட்டிப்போட்டுத்தான் வந்து இருக்கிறன். வந்து பாருங்கோவன், அந்தப் பார்க்கிலேயே என்ர முத்தம்தான் துப்புரவு.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினார். பிறகு ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவருடைய வேலை. படகையும் காரையும் பற்றிச் சட்ட உதவிப் பெண் எடுத்துச் சொன்னபோது, மற்றவர்களைப் பற்றி இங்கே விசாரிக்கவில்லை என்று பதில் வந்தது. வீட்டுக்குச் சில்லு இருக்கிறது, விரும்பிய இடத்துக்குக் கொண்டு போகலாம் என்றார் முதலாளியின் வழக்கறிஞர். எங்கே கொண்டு போவது? சில்லுகள் துருப்பிடித்து மண்ணோடு ஒட்டியிருந்தன. அவ்வளவு பழைய ட்ரெய்லரை ஏற்க எந்தப் பார்க்கும் தயாராக இல்லை. கடைசியில் வெளியேறச் சொல்லித் தீர்ப்பு வந்து, நின்ற இடத்திலேயே இயந்திரம் வைத்து வீட்டை உடைத்தார்கள். விசாரணை முடிந்து அன்று காரில் திரும்பி வரும்போதே சின்னம்மா, “நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

பார்க்கை மூடியபோது மிஞ்சியிருந்தவர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. படகுக்காரருக்கும் கிடைத்தது.

இப்போது சின்னம்மா மில்லிக்கனில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் உத்தரவு கேட்கிறார். குளிக்கட்டோ, லைற்றைப் போடட்டோ, இந்தக் கதிரையைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டோ. எங்களை அதட்டி வளர்த்த மனுஷி! முதலில் சிரித்தேன், பிறகு கோபப்பட்டேன், இப்போது பயமாக இருக்கிறது. நேற்றுக் காலை சப்பாத்தும் ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு பக்கவாசல் கதவடியில் நின்றார். எங்கே வெளிக்கிட்டீர்கள் என்று கேட்டேன்.

“ஓரிடமும் இல்லைப் பிள்ளை. வெளியில கொஞ்ச நேரம் நிக்கலாமோ? ஆரும் ஏதும் சொல்லுவினமோ?”

இது உங்கட வீடு சின்னம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். கதவை மட்டும் திறந்துவிட்டேன். அவர் வாசற்படியைத் தாண்டாமல் அப்படியே நின்றார்.