எலுமிச்சம்பழம் பழமா?

போன ஆனி மாதம் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வெயிலும் சாரலும் சேர்ந்தே இருந்தன. தென்காசியில் என் வீட்டு வாசலில் டாக்ஸி நிற்க, தங்கை மகனின் உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து விரல்களை மூடினேன். மணமேடைக்குப் போகும் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் கொடுக்கும் காப்பு அது. இவனுக்கு மேடை நியூசிலாந்தில் இருந்தது. பழத்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஏறினான்.

அந்த நாடு அவனை ஒருமுறை வெளியேற்றியிருந்தது. படிக்கப் போனவன், விசா முடிந்த பிறகும் ஒன்றேகால் வருடம் தங்கி, ஒரு தோட்டத்தில் பழம் பறித்திருக்கிறான். பிடிபட்டதும் ஐந்து வருடத் தடை. அங்கே அவனோடு பழகிய பெண் அத்தனை வருடமும் காத்திருந்தாள். படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டு அவளால் இங்கே வர முடியாது. தடை முடிந்து விசாவும் கிடைத்துவிட்டது. ஆனாலும் விமான நிலையத்தில் வைத்தே திருப்பி அனுப்பலாம் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இன்னொரு முறை திருப்பினால் கல்யாணம் இல்லை.

‘முன்பு எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டதுண்டா?’ என்ற கேள்விக்கு, மறைக்காமல் ‘ஆமாம்’ என்று சொல்ல அவனை ஒன்பது முறை பழக்கினேன். புறப்படுவதற்கு முந்தின நாள் குற்றாலத்தில் குளிக்கக் கிளம்பினான். “ஏலே, தடுமன் புடிச்சு அங்கன போய் இருமினேன்னு வையி, நோயாளின்னு திருப்பிருவாம்லே” என்றேன். “அஞ்சு வருசமா வெளிநாட்டுக்காரன் விடல, இன்னைக்கு அருவிக்கு நீங்க விடல. நல்லா இருக்கு மாமா!” என்று சிரித்துவிட்டு, ஐந்தருவிக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றான்.

நான் அந்த நேரத்தில் புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பஸ் ஏறினேன். கறையோ வடுவோ இல்லாத பழம் வேண்டும். கமிஷன் கடைக்காரர் மூட்டைகளுக்கு நடுவே இருந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஒத்தப் பழத்துக்கு நான் என்னன்னு கணக்கு எழுத, அண்ணாச்சி? சும்மா கொண்டுட்டுப் போங்க.” பதினேழு பழத்தைப் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. “உள்ள விட்டுட்டாங்க மாமா. ‘ஆமாம்’னு சொன்னேன், காகிதத்தப் பாத்தாங்க, முத்திரை குத்திட்டாங்க. ஆனா வெளிய வரும்போது ஒரு நாய் வந்து என் காலடியில உக்காந்துட்டு.” மோப்ப நாய். கோட்டுப் பையில் எலுமிச்சை. அந்த நாட்டுக்குள் பழம் கொண்டுபோவதானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம். பழம் இருக்கிறதா என்ற கேள்விக்கு இவன் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறான்.

“ஏலே, இருக்குன்னு எழுத வேண்டியதுதானே?”

“பழமா மாமா அது? பழம்னா வாழப்பழம், மாம்பழம். நீங்க குடுத்தது காப்புல்லா!”

பெயரிலேயே பழம் இருக்கிறது. ஆனாலும் பழம் வாங்கி வா என்றால் எலுமிச்சையோடு வருகிறவன் நம்மில் யார்? வாகனச் சக்கரத்தில் வைக்கிறோம், வாசலில் கட்டுகிறோம், சோற்றில் பிழிகிறோம். உரித்துத் தின்பதில்லை. பெரிய கேள்விக்கு அவன் உண்மை சொன்னான். சின்னக் கேள்விக்கும் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அந்த நாய்க்கு மட்டும் சந்தேகமே இருந்ததில்லை.

எதற்கு இது என்று அங்கிருந்த அதிகாரி அம்மாள் கேட்டிருக்கிறார். வழியில் தடங்கல் வராமலிருக்க மாமா கொடுத்தது என்று இவன் சொல்லியிருக்கிறான். “பலித்ததா?” என்று கேட்டாராம். “நீங்கதான் சொல்லணும்” என்றானாம். அவர் சிரித்துவிட்டு, பழத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டு, அபராதச் சீட்டைக் கொடுத்து, கதவைக் காட்டியிருக்கிறார்.

கல்யாணப் படம் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பெண்ணின் அப்பா கட்டிலில் சாய்ந்திருக்க, பக்கத்தில் இருவரும் நிற்கிறார்கள். அவன் கையில் ஒரு எலுமிச்சை. அவர்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்ததாம். நாய்க் கதையைக் கேட்டுவிட்டு, கட்டிலில் இருந்தபடி அவர்தான் எடுத்து நீட்டினாராம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். காம்புப் பக்கம் ஒரு வடு இருக்கிறது.

அபராதத்தை நானே கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். தாய்மாமன் சீர் என்று வேறு எதைத்தான் அவ்வளவு தூரம் அனுப்ப? பழம் இனாம். புளியங்குடிக்குப் போக வர பஸ் அறுபது ரூபாய். அபராதம் அந்த நாட்டு டாலரில் நானூறு, நம் காசில் இருபதாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு. ஆக மொத்தம் ரூபாய் இருபதாயிரத்து எழுநூற்று எழுபத்திரண்டு.