பவழமல்லிக்கு விரித்த வேட்டி

போன திங்கட்கிழமை காலை. காபி டம்ளரைக் கையில் எடுக்கிறேன், காலிங் பெல் அடிக்கிறது. ஆறு மணிக்கு என் வீட்டு பெல்லை யார் அடிக்கப்போகிறார்கள்? பால் பாக்கெட் கதவில் மாட்டிய பையில் விழுந்துவிடும். பேப்பர் வாசலில் விழுந்துவிடும். ஆள் வரவேண்டிய வேலையே இல்லை.

திறந்தால், எங்கள் ஃப்ளாட்டுக்குப் புதிதாகப் பெருக்க வந்திருக்கும் சாந்தி. பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறாள். கையில் நாலாக மடித்த ஒரு வேட்டி.

"யக்கா, உங்க வேட்டி கீழ வுழுந்து கீது. நேரா மேல உங்க கொடிதானே? பூவெல்லாம் கொட்டிக் கெடந்துச்சி, ஒதறி எடுத்தாந்தேன்."

அது கொடியிலிருந்து விழுந்த வேட்டியே இல்லை. முதல் நாள் ராத்திரி பவழமல்லி மரத்தடியில் நானே விரித்துவிட்டு வந்தது!

என்னை வளர்த்தவள் பாட்டி. மயிலாப்பூரில் எங்கள் பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டியபோது, மரத்தில் கை வைத்தால் கையெழுத்துக் கிடையாது என்று பில்டரிடம் கறாராகச் சொன்னவள். செடியிலிருந்து அவள் ஒரு பூவைக்கூடப் பறித்து நான் பார்த்ததில்லை. வாக்கிங் போகிற சாக்கில், பிளாஸ்டிக் பையும் கொக்கிக் கம்புமாக அடுத்தவர் வீட்டுச் செம்பருத்தியை மொட்டையடிப்பார்களே சில மாமாக்கள் — அவர்களைக் கண்டால் பால்கனியிலிருந்தே ஒரு பிடி பிடிப்பாள். பெரிய பெரிய ரிட்டயர்டு ஆபீசர்கள் எல்லாம் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

அப்போ சுவாமிக்குப் பூ? தாத்தாவின் பழைய வேட்டியை ராத்திரி மரத்தடியில் விரித்துவிடுவாள். விடிவதற்குள் மரம் உதிர்த்து வைத்திருக்கும். "அதுவா குடுக்கறதை வாங்கிண்டா போறும்டி" என்பாள்.

அவள் போன பிறகு கொஞ்ச நாள் நான் விரிக்கவில்லை. பூவெல்லாம் சிமென்ட் தரையில் விழுந்து கார் டயரில் நசுங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் இப்போது நான் விரிக்கிறேன். பூவை அவள் படத்துக்கு வைக்கிறேன். அப்புறம்...? ஒரு கிளி வந்தால்கூட "இங்க வந்து பாருடி" என்று கூப்பிட்ட குரல் இல்லாத வீடு. டிவியை ஓடவிட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சாந்தியிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் உள்ளே எட்டிப் பார்த்து, வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டாள். பாட்டி இருந்தாள் என்றேன். அய்யோ பாவம் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காபி கொடுத்தேன். பாட்டி ஆபீசர்களைத் துரத்திய கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

செவ்வாய்க்கிழமையும் வேட்டி வந்தது. புதன்கிழமை, "ஒரு கிளிப்பு போட மாட்டியாக்கா?" என்று திட்டோடு வந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் மறுநாள் பெல் அடிக்காதே? சாந்தி போனதும் சத்தமில்லாமல் இறங்கிப் போய், உதறிவிட்ட பூவைப் பொறுக்கிக்கொண்டு வருகிறேன்.

இன்றைக்கும் விரிக்கப்போகிறேன். பூவுக்காகத்தான் என்று பாட்டி படத்திடம் சொல்லிப் பார்த்தேன்... அவள் நம்பவில்லை.