பஞ்சு பொறுக்கிய துண்டுத்துணி

சட்டை தைக்கும் ஆலையில் வேலை பார்த்த காலத்திலேயே அவளுக்கு ‘ஏனக்கா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். சட்டையின் இடது கையை மட்டும் தைப்பதுதான் அவள் வேலை. மற்றவர்கள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருக்க, இவள் மேற்பார்வையாளரைப் பிடித்துக்கொள்வாள். இந்தச் சட்டையெல்லாம் யார் போடுகிறார்கள்? எல்லாப் பையையும் ஏன் இடது பக்கமே வைக்கிறோம்? அந்த மனுஷர் இவளைக் கண்டாலே அடுத்த வரிசைக்கு நழுவிவிடுவார். ஆலையை மூடியதும் வீட்டு முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டு, பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று பிழைப்பை ஓட்டினாள். தனி ஆள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் “ஏன்?” என்று கேட்டே ஓய வைத்துவிட்டாள்.

அக்கா மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது, அவள் வளர்த்த இரண்டு குட்டை நாய்களும் இங்கே வந்து சேர்ந்தன. ஒன்றின் பேர் மேனேஜர். முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தபால்காரர் வந்தாலும் குரைக்கும், வராவிட்டாலும் குரைக்கும். இன்னொன்று பஞ்சு. வாயைத் திறந்ததே கிடையாது. ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து தெருவைப் பார்க்கும். சாப்பிட்டதும் முன்னங்காலை நக்கி நக்கி முகத்தைத் துடைத்துக்கொள்ளும். இது என்ன ஜென்மம் என்று ஏனக்கா வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பெருக்கும்போது, பஞ்சு படுக்கும் சாக்குக்கு அடியில் காக்கித் துணித் துண்டுகள் கிடந்தன. பேன்ட் உயரம் குறைக்கும்போது வெட்டிப் போடுகிற கீழ்ப்பகுதி. எல்லாம் ஒரே ஆளுடையது. அடிக்கடி துணி கொண்டுவரும் பஸ் டிரைவர், கொஞ்சம் குள்ளமானவர்.

ஏனக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெட்டிப் போட்ட துண்டுகளில் ஆளுக்கொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாள். மேனேஜர் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு ஓடி, ஒன்றைக் கிழித்தும் போட்டது. பஞ்சு ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, டிரைவருடையதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. டீசல் வாடையாக இருக்குமோ என்று, வேறொரு டிரைவரின் துணியை வைத்துப் பார்த்தாள். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளே ஒரு துண்டை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தாள். தும்மல்தான் வந்தது.

அடுத்த முறை டிரைவர் வந்ததும் நேராகவே கேட்டாள்.

“உங்க வீட்ல நாய் இருக்கா?”

“இல்லைங்க. ஒரு பூனை இருக்கு. பேன்ட்டை எங்க போட்டாலும் அது மேலதான் படுக்கும். ஏன் கேக்குறீங்க?”

“உங்க துணி மட்டும் காணாமப் போகுது. திருடன் இந்தா உட்கார்ந்திருக்கான்.”

டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். பஞ்சு அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் போனதும் அக்கா மகளுக்குப் போன் போட்டாள்.

“பஞ்சு உனக்கு எங்கடி கிடைச்சது?”

“பேக்கரி பின்னாடி சித்தி, ஒரு அட்டைப் பெட்டில. பூனைக்குட்டிங்களோட சேர்ந்து பால் குடிச்சுட்டு இருந்துச்சு. தாய்ப்பூனை என்னைத் தொடவே விடல. கையெல்லாம் கீறி வச்சிருச்சு.”

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலியே சித்தி.”

ஊரையே கேள்வி கேட்டவளுக்கு இந்த ஒன்றைக் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை தைத்த பேன்ட்டைக் கொடுக்கிற சாக்கில் இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் மேனேஜர் தெருவையே விலைக்கு வாங்கியது போல நடந்தது. வாசலில் பெரிய சாம்பல் நிறக் கடுவன் பூனை படுத்திருந்தது. எழுந்துகூட நிற்கவில்லை, முதுகை லேசாக உயர்த்தியது, அவ்வளவுதான். மேனேஜர் ஏனக்காவின் காலுக்குப் பின்னால் போய் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

“இதுதான் நான் வரும்போதெல்லாம் என்னை விரட்டுற ஆளா?” என்று டிரைவர் சிரித்தார்.

பஞ்சு நேராக நடந்து போய்ப் பூனையின் முன்னால் உட்கார்ந்தது. பூனை பட்டென்று கன்னத்தில் ஒன்று வைத்தது. பஞ்சு நகரவில்லை. மெல்லத் தலையைத் தாழ்த்தி, பூனையின் வயிற்றோரம் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. பூனை கொஞ்ச நேரம் அதையே முறைத்தது. பிறகு வேண்டாவெறுப்பாகக் குனிந்து அதன் காதை நக்க ஆரம்பித்தது.

“அது கடுவன்தானே, பால்கூடக் கிடையாதே, அப்புறம் ஏன்?” என்றாள் ஏனக்கா மெதுவாக.

“தெரியலைங்க. இவன் என்னைத் தவிர யாரையும் கிட்ட விடமாட்டான்” என்றார் டிரைவர். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு, டிரைவர் வேலைக்குப் போகும் நாட்களில் பூனையைக் கூடையில் வைத்து முன்னறையில் விட்டுவிட்டுப் போவார். பூனைக்குச் சாய்மானம் பஞ்சு. மேனேஜர் மட்டும் மிஷினுக்கு அடியில், ஏனக்கா மிதிக்கிற காலோடு ஒட்டி உட்கார்ந்து, ரொம்பச் சின்னக் குரலில் உறுமிக்கொண்டிருக்கும்.