பாரிவாக்கத்துக்கு ஒரு பால்சுறா

1934 ஆகஸ்டு 28, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. மழைக்கு மூடியிருந்தது, பெய்யவில்லை. ராயபுரம் கரையில் இரண்டரை அடிப் பால்சுறா ஒன்றை எட்டணாவுக்கு வாங்கி, ஈரக் கோணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டேன். செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

பாரிவாக்கத்தில் என் மகள் கமலத்துக்குப் பிள்ளை பிறந்து நான்கு நாள். தாயில்லாப் பெண், பிரசவம் மாமியார் வீட்டில். பால் ஊறவில்லை. பசும்பால் புகட்டினால் பிள்ளை கக்கிவிடுகிறது. பால்சுறாவை அவித்துத் தின்றால் பால் சுரக்கும் என்பார்கள். வேறு வழியும் மிச்சமில்லை.

சென்டிரலிலிருந்து ஆவடி பதினான்கு மைல். மூன்றாம் வகுப்பு மூன்றணா. வில்லிவாக்கத்தில் மீன் செத்துவிட்டது. தொட்டுப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டேன். கொரட்டூர் ஏரி ஈயத் தகடாகக் கிடந்தது. அப்போது என் மடியில் கோணி அசைந்தது. எதிரில் இருந்தவர்கள் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்கள்.

ஆவடியிலிருந்து ஜட்கா, நான்கு மைல், ஆறணா.

“இன்னா நைனா, மூட்டைக்குள்ள இன்னா கீது?”

“செத்த மீன்.”

“நீ சொல்ற. என் குதிர காதப் பாரு, ரெண்டும் பின்னால கீது.” அதன்பிறகு வண்டிக்காரன் திரும்பியே பார்க்கவில்லை.

கொல்லையில் சம்பந்தியம்மாள் மீனின் வயிற்றைக் கீறினாள். இரண்டு குட்டிகள். ஒன்று செத்திருந்தது. மற்றது, ஒரு சாண் நீளம், வாயைத் திறந்து மூடியது. அதை ஒரு சட்டித் தண்ணீரில் விட்டு, ஒரு பிடி உப்பும் போட்டாள்.

“உப்ப எதுக்குப் போடறீங்க? உப்புத் தண்ணில அது சாவ இன்னும் நேரமாவுமே!” என்றேன்.

“ஆவட்டும். குட்டி உசுரோட கீறப்போ தாய அடுப்புல ஏத்துனா பெத்தவளுக்கு ஆவாது.”

“உள்ள ஒண்ணு கத்திக் கத்திச் சாவுதே!”

“எனக்குந்தான் காது கேக்குது, சம்பந்தி. நாலு நாளா நான்தானே தூக்கிகினு கீறேன்.”

ஆகவே அது சாகட்டும் என்று சட்டியைச் சுற்றி நின்றோம். பிள்ளையின் அழுகை தேய்ந்து பூனைக்குரலாகியிருந்தது.

கமலம் பிள்ளையோடு எழுந்து வந்தாள். யாரும் தடுக்கவில்லை. சட்டியருகே குந்தி, அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சேலை மார்பில் நனைந்தது. சட்டித் தண்ணீர் தெறித்ததென்றுதான் முதலில் நினைத்தேன்.

பிள்ளை பற்றிக்கொண்டது. அதன் வாயும் குட்டியின் வாயும் ஒரே கதியில் திறந்து மூடின. எண்ணத் தொடங்கினேன், பயந்து நிறுத்திவிட்டேன். வயிறு நிறைந்து பிள்ளை காம்பை விட்டபோது, சட்டிக்குள் அந்த வாய் திறந்தது, மூடவில்லை.

மீனை யாரும் தின்னவில்லை. தாயையும் குட்டிகளையும் ஒரே குழியில் புதைத்தார்கள். ராயபுரத்தில் தினமும் சுறா அரிகிறார்கள். வயிற்றில் என்ன இருந்தது என்று ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. திரும்பும் ரயிலில் என் கை ஓயாமல் வெறும் மடியைத் தடவிக்கொண்டே வந்தது.

மீன், போக வர ரயில், ஜட்கா, எல்லாம் சேர்த்து ஒரு ரூபாய் பத்தணா.