அத்தைக்காக நான் போட்ட ஓட்டு

என் மாமியார், ‘சரி’ என்று ஓட்டுப் போடச் சொல்லி என்னை அனுப்பினார். நான் ‘வேண்டாம்’ என்று போட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். இதுவரை யாரும் அறியாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

வெட்கத்தோடு சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். பெருமையோடுதான் சொல்கிறேன்... அதுதான் என்னை உறுத்துகிறது.

கோவை கணபதிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குப் பம்ப் வார்க்கும் ஃபவுண்டரி ஒன்று உண்டு. மாமனார் தொடங்கிய கம்பெனி. பட்டறையை என் கணவர் பார்த்துக்கொண்டார். அவர் மறைந்தபின் நான். ஆயினும் அன்று என் பெயரில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாமியாருடையது. மற்றதெல்லாம் மாமனாரின் தம்பிக்கும் அவர் பிள்ளைகளுக்கும்.

பட்டறை நின்ற நிலத்துக்கு நல்ல விலை வந்தது. விற்றுவிடலாம் என்றார் சின்ன மாமனார். நான்கில் மூன்று பங்கு ஓட்டு சேர்ந்தால்தான் விற்க முடியும் என்பது எங்கள் கம்பெனி விதி. மாமியாருக்கு மூட்டுவலி; கூட்டத்துக்குத் தனக்குப் பதிலாளாக என்னை நியமித்துக் கையெழுத்திட்டார்.

அவர் விற்கச் சொன்னது பேராசையால் அல்ல. கோபியில் வாக்கப்பட்ட என் நாத்தனாரை அவள் கணவன் குடித்துவிட்டு அடிப்பான்.

“அவளுக்குன்னு ஒரு ஊடு வேணும் கண்ணு. நீ போய்ச் சரின்னு போட்டுட்டு வா,” என்றார்.

பதிலாளுக்குக் கூட்டத்தில் பேச உரிமையில்லை. கை தூக்கி ஓட்டெடுக்கும்போது பதிலாளின் கை கணக்கில் வராது. சுற்றிலும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியதாகச் சின்ன மாமனார் அறிவிக்கப் போனார். அந்த நொடிவரை நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை... நம்புவீர்களா?

கீழே உலையில் இரும்பு உருகிக்கொண்டிருந்தது. அந்த வாடை கூட்டம் நடந்த மாடிவரை வந்தது.

“சீட்டுல ஓட்டெடுக்கோணுங்க,” என்றேன். அப்படிக் கேட்கும் உரிமை பதிலாளுக்கு உண்டு; சீட்டில் எத்தனை பங்கோ அத்தனை ஓட்டு.

சீட்டில் எதிராக எழுதினேன். தீர்மானம் தோற்றது!

தன் அண்ணியான என் மாமியார்தான் மனம் மாறிவிட்டார் என்றே சின்ன மாமனார் எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்க அவருடைய ரோஷம் இடம் தரவில்லை. அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவுமில்லை.

“தோத்துப்போச்சுங்க அத்தை,” என்றேன் வீட்டில்.

“நான் சொன்னபடி போட்டயல்லோ?”

“போட்டேனுங்க.”

“அப்ப உடு கண்ணு. நம்ம மேல தப்பில்ல,” என்றார். சின்ன மாமனாரின் பிள்ளைகள்தாம் கடைசியில் காலை வாரிவிட்டார்கள் என்று சாகும்வரை நம்பினார்.

யாருக்காகச் செய்தேன்? உலையடியில் நின்ற தொழிலாளர்களுக்காகவா? கணவரின் நினைவுக்காகவா? அந்தப் பட்டறையை விட்டால் எனக்கென்று வேறெதுவும் இல்லை என்ற பயத்தாலா? சட்டப்படி அந்த ஓட்டு செல்லும். ஆனால் அது என் ஓட்டல்லவே!

இருந்தும் பாருங்கள்... கம்பெனியின் முழு நிர்வாகமும் என் கைக்கு வந்தது. மூடும் நிலையில் இருந்த பட்டறையை நிமிர்த்தினேன். எங்கள் பம்ப் ஓடாத ஊர் இந்தப் பக்கம் குறைவு. கேட்டுக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. மறுபடியும் அந்தச் சீட்டு கைக்கு வந்தால் எதிராகத்தான் எழுதுவேன்.

அத்தையின் பங்குகளில் பாதி இன்று நாத்தனாருக்கு. அவள் இன்னமும் கோபியில், அதே வீட்டில். லாபத்தில் அவள் பங்கு தவறாமல் போகிறது. யார் கைக்குப் போகிறது என்று நான் விசாரித்ததில்லை.

சென்ற மாதம் புதிய மின் உலையை நிறுவினோம். பங்குதாரர் என்ற முறையில் அவளையே தொடங்கி வைக்க அழைத்தேன். மாலையும் சந்தனமுமாக எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். அவள் தயங்கி இடது கையை நீட்டினாள்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணி. அவரு முறிச்சதுல இருந்து வலது கை சரியா மடங்கறதில்லீங்க,” என்றாள் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி.

எப்போது என்று கேட்டேன்.

“நெலம் விக்காமப் போச்சே, அந்த வருசம்.”

பொத்தானை அழுத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.